மார்பளவுச் சித்திரம்

எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் இங்கே தெருவுக்கு நாலு ஓவியர்கள் இருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சித்திரபுரத்துக்கும் சித்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் பெயரால் ஏற்பட்ட ஊர் இது. 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தாரே, அவர்தான். அவர் காலத்தில், 1940-ல், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் உற்பத்தியைத் தொடங்கியது. மலையுச்சியிலிருந்து ராட்சசக் குழாய்கள் இறங்கி வந்து சேரும் இடம் எங்கள் ஊர். மூணாறுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் இரண்டாம் மைல் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊருக்குள் வருவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு டி-ஷர்ட்டுகளுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. வரையாடு, தேயிலைக் கொழுந்து, ஜீப், குறிஞ்சிப் பூ, கால்பந்து அணிகளின் சின்னம், கல்லூரி மாணவர்களின் பிரிவுபசார வாசகம் என்று எதுவானாலும் வரைவேன். படம் இங்கே, பனியன் திருப்பூரில். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக மலையேறி வரும் பார்சலைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் இந்தத் தொழிலின் பரீட்சை முடிவு வெளியாகும் நேரம். மடித்த பனியனை உதறி விரிக்கும்போது படம் நன்றாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. அது வீட்டிலேயே தெரிந்த விஷயம். சரியான அளவில், சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

முன்பு இந்தக் கவலையில் பாதியை வேறொருவர் சுமந்தார். திருப்பூரில் ஸ்கிரீன் பிரின்டிங் யூனிட் என்றால் அங்கே ஒரு மாஸ்டர் இருப்பார். நாம் கொடுக்கும் படத்திலிருந்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாசிட்டிவ் எடுத்து, ஒவ்வொரு பாசிட்டிவுக்கும் ஒரு ஸ்கிரீன் போட்டு, நீளமான டேபிளில் கட் பீஸ்களை வரிசையாக ஒட்டி, ஒன்றன் பின் ஒன்றாக அச்சடிப்பார்கள். தைப்பதற்கு முன் அச்சு, பிறகுதான் தையல். ஸ்கிரீன் போட ஆகும் செலவை ஈடுகட்ட நூறு, இருநூறு பீஸாவது அடித்தாக வேண்டும். அதனால் மாஸ்டர் அவசரப்படமாட்டார். பாசிட்டிவைத் துணி மேல் வைத்துப் பார்த்து, "இதென்னங்கண்ணா, அக்குள்ல போய் முடியுது? ஒரு இஞ்ச் கொறச்சுக்கலாங்களா?" என்று போனில் கேட்பார். அந்த ஒரு கேள்வி எத்தனையோ ஓவியர்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது வந்திருக்கும் முறை வேறு. படத்தைக் கணினி வழியாக அனுப்பி வைத்துவிட்டால் போதும். வாங்குபவர் டெல்லியிலோ திண்டுக்கல்லிலோ இருந்துகொண்டு ஒரே ஒரு டி-ஷர்ட் கேட்பார். தைத்துத் தயாராக இருக்கும் வெற்று டி-ஷர்ட்டில் அந்த ஒன்றை மட்டும் இயந்திரம் அச்சடிக்கும்; விற்பவரின் பெயரில் அது பார்சலாகிப் போய்விடும். கையில் சரக்கு இல்லை, முதல் முடக்கம் இல்லை. ஆர்டர் வந்த பிறகே அச்சு. காகிதத்துக்கு இங்க்ஜெட் பிரின்டர் எப்படியோ, துணிக்கு இந்த இயந்திரம் அப்படி. கொடுத்த படத்தை, கொடுத்த அளவில், கொடுத்த இடத்தில் அடிக்கும். அக்குளில் போய் முடிகிறதே என்று கேட்க அதற்கு வாய் கிடையாது. மாஸ்டரின் வேலை ஓசைப்படாமல் ஓவியரின் தலையில் வந்து இறங்கிவிட்டது. இறங்கியதே பலருக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த முறைக்கு வழி திறந்துவிட்டது 2018-ஆம் ஆண்டின் குறிஞ்சி. ராஜமலையில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-க்குப் பிறகு அந்த ஆண்டு பூக்க வேண்டும். நாடு முழுவதிலிருந்தும் மக்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில் மூணாறில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், பூவும் ஆண்டும் பெரிதாகப் போட்ட பனியன்களை நூற்றுக்கணக்கில் அடித்து அடுக்கி வைத்தார். ஆகஸ்டில் வந்தது வெள்ளம். சாலைகள் துண்டிக்கப்பட்டு, மலைகள் சரிந்து, மூணாறு தனித்தீவாயிற்று. மழை விட்ட பிறகு பூ என்னவோ பூத்தது. கூட்டம்தான் எதிர்பார்த்தபடி வரவில்லை. பனியன்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டன. 2022-ல் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் குறிஞ்சி பூத்து ஜனங்கள் திரண்டபோது அவர் பழைய மூட்டையை ஆசையோடு அவிழ்த்தார். நெஞ்சு நிறைய 2018 என்று எழுதியிருக்கும் பனியனை 2022-ல் யார் வாங்குவார்கள்? ராஜமலையில் அடுத்த முறை 2030. அன்றைக்கும் அந்தப் பனியனில் ஆண்டு தப்பு. அதற்குப் பிறகு அவர் ஸ்டாக் வைப்பதையே விட்டுவிட்டார். கேட்டால் அடித்துத் தரும் முறைக்கு மாறியவர், படங்களுக்கு என்னிடம் வந்தார்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "படம் எவ்வளவு பெரிசா போடலாம்?"

எல்லோரும் இதையே கேட்கிறார்கள். காசு கொடுக்கிறோம், பெரிதாகவே இருக்கட்டும் என்ற எண்ணம். இதற்குக் கணினித் திரையில் விடை இல்லை, உடம்பில் இருக்கிறது. 40 அளவு பனியனைத் தரையில் விரித்து வைத்தால் மார்பின் அகலம் 20 அங்குலம். அதில் 12 அங்குலப் படம் போட்டால் இரு பக்கமும் நாலு நாலு அங்குலம் மிஞ்சும். பார்வைக்கு லட்சணமாக இருக்கும். அதே 12 அங்குலத்தை 46 அளவில் போடுங்கள். 23 அங்குல அகலத்தில் இரு பக்கமும் ஐந்தரை அங்குலம் காலியாகி, படம் தபால்தலை போல ஆகிவிடும். 26 அளவு குழந்தைப் பனியனில் போட்டால் விரித்த அகலமே 13 அங்குலம். படத்தின் ஓரம் தையலுக்கு அரை அங்குலம் வரை போய் நிற்கும். குழந்தை கையை இறக்கினால் ஆட்டின் கொம்பு அக்குளுக்குள் போய்விடும்.

ஸ்கிரீன் முறையில் எல்லா அளவுக்கும் ஒரே ஸ்கிரீன் என்பதால் நடுவாந்தரமாக ஓர் அளவை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்கள். செலவு அப்படி. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. சிறியவர்களுக்கு ஒரு கோப்பு, பெரியவர்களுக்கு ஒன்று, இரட்டை எக்ஸ்எல்லுக்கு மேல் ஒன்று என்று மூன்றாகக் கொடுக்கலாம். நான் அப்படித்தான் கொடுக்கிறேன். விரித்த அகலத்தில் பாதிக்குச் சற்று மேல், ஐந்தில் மூன்று பங்குக்குள் படம் அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. இது சாஸ்திரம் இல்லை. பல பார்சல்களைப் பிரித்ததில் வந்த பழக்கம்.

உயரத்துக்கு வேறு கணக்கு. கழுத்துப் பட்டியின் தையலிலிருந்து மூன்று, நாலு விரல் விட்டு ஆரம்பிக்க வேண்டும். திரையில் பார்க்கும்போது எல்லோருக்கும் அதை நட்டநடுவில் இறக்கி வைக்கத்தான் கை போகும். நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர் ஜீப் ஓட்டுநர்களே சாட்சி. ஒருமுறை வேறு யாரோ செய்து கொடுத்த பனியனை அணிந்து வரிசையாக நின்றார்கள். 'மூணாறு' என்ற எழுத்து மார்புக்குக் கீழே தொடங்கியது. வரையாடு தொப்பையின் சரிவில் நின்றது. வரையாட்டுக்குச் சரிவு பழக்கம்தான் என்றாலும், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்ததைத் தடுக்க முடியவில்லை. 16 அங்குல உயரம் போடலாம் என்று நிறுவனங்கள் அனுமதிப்பது அதிகபட்சத்தைத்தான். பஸ்ஸில் 52 பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்தால் 52 பேரைத் தேடிப் பிடித்து ஏற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை.

எங்கள் குளிரில் இன்னொரு சங்கடம் உண்டு. ஜூன் தொடங்கி ஊரே ஜிப் வைத்த ஜெர்க்கினுக்குள் புகுந்துகொள்ளும். பாதி திறந்த ஜிப்புக்கு நடுவே தெரிவது மார்பின் மேல்பகுதியில் ஒரு கையகலம்தான். குல்லா வைத்த ஹூடியிலோ வயிற்றருகே பெரிய பை ஒன்று தைத்திருப்பதால் உயரத்தில் நாலைந்து அங்குலம் போய்விடுகிறது. டி-ஷர்ட்டுக்குச் செய்த படத்தை அப்படியே ஹூடிக்குக் கொடுத்தால் அதன் கால் பகுதி பையின் தையல்மேல் ஏறும். இயந்திரமும் மேடு பள்ளத்தில் சரியாக அடிக்காது.

பெண்களுக்கான பனியனில் நாங்கள் எல்லோரும் ஆணின் தட்டை மார்பை மனத்தில் வைத்துக்கொண்டே படம் போடுகிறோம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் ஒரு குடும்பஸ்ரீ குழுவினர். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளிகள். வேளாங்கண்ணிக்கு டூர் போவதற்காக ஒரே மாதிரி டி-ஷர்ட் கேட்டு வந்தார்கள். சுடிதாருக்கு மேலே அணிந்துகொள்வதற்கு. குழுவின் பெயரை மார்புக்குக் குறுக்கே பெரிதாக எழுதி மாதிரி காட்டினேன். வயதில் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பேரு பெரிசா இருக்கட்டும். ஆனா பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப ஆம்பளைங்க அதப் படிக்கிற சாக்குல நிக்கக் கூடாது பாத்துக்க."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெயர் முதுகுக்குப் போயிற்று, 11 அங்குல அகலத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே. முன்புறம் இடது பக்கம் மூன்றரை அங்குலத்தில் ஒரு கொழுந்து மட்டும். அதையும் வழக்கமான இடத்தைவிட ஓர் அங்குலம் மேலே ஏற்றினேன். மார்பின் வளைவில் நேர்கோடுகள் வளையும், சதுரச் சட்டங்கள் கோணும் என்பது இரண்டாவது காரணம். அவர் சொன்னது முதல் காரணம். அளவு குறித்து நான் படித்த எந்தக் கையேட்டிலும் அந்த முதல் காரணத்தைப் பார்த்ததில்லை.

தமிழ் எழுத்தின் அளவு தனிப் பாடு. ஆங்கிலத்துக்கென்று செய்து வைத்த மாதிரிகளில் தமிழை ஊற்றினால் வழியும். 'மூணாறு' மூன்றே எழுத்து. 10 அங்குல அகலத்தில் கம்பீரமாக நிற்கும். 'சித்திரபுரம்' ஏழு எழுத்து; அதே 10 அங்குலத்தில் பாதிக்கும் குறைவான உயரத்துக்குச் சுருங்கிவிடும். மலையாளத்தில் இதையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கூட்டெழுத்தால் ஐந்தாக முடித்துவிடுகிறார்கள். நாம் இரண்டு வரியாக்க வேண்டும். அல்லது எழுத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் முதல் பலி புள்ளி. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போன புள்ளி, துணியின் நூலிடுக்கில் விழுந்தால் தெரியாது. நாலு சலவைக்குப் பிறகு இருக்கவும் இருக்காது. 'சிததிரபுரம' என்று மிஞ்சும். கறுப்புப் பனியனில் இன்னும் மோசம். அங்கே முதலில் வெள்ளை மையை அடித்தளமாகப் போட்டு அதன்மேல்தான் நிறம் வரும். வெள்ளை கொஞ்சம் பரவினாலும் ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்ன இடைவெளி அடைத்துக்கொள்ளும். மெலிந்த கோடுகள் ஒரு பாயின்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தமிழுக்கு நான் ஒன்றரை வைக்கிறேன்.

எழுத்துருவும் அளவைக் கெடுக்கும். நம் டி.டி.பி. சென்டர்களில் பாமினியும் வானவில்லும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கோரல்டிராவில் அழகாக அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகும். அல்லது வேறு எழுத்துருவுக்கு மாறி இரண்டு அங்குலம் நீளும். அனுப்புவதற்கு முன்னால் கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்தி எழுத்தை வெறும் வடிவமாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டே விசை. இருந்தும் திருப்பூருக்குத் தினமும் கிறுக்கல்கள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

புகைப்படம் என்று வரும்போது அளவு வேறு விஷயமாகிவிடுகிறது. அங்கே அளவை நிர்ணயிப்பது நம் ஆசை இல்லை. படத்துக்குள் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பதுதான். பழைய சினிமா பேனர் ஓவியர்கள் கையகலப் புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, இருபதடி உயரத்துக்கு எம்.ஜி.ஆரைப் பெருக்கினார்கள். படத்தில் இல்லாத கண்ணிமை மயிரை அவர்கள் கை போட்டது. கணினிக்கு அந்தக் கை கிடையாது. அதனிடம் இருப்பது சதுரப் புள்ளிகள் மட்டும். அவற்றைத்தான் பிக்ஸல் என்கிறோம். அங்குலத்துக்கு 300 பிக்ஸல் இருந்தால் உயர்தரம். அதாவது 12-க்கு 16 அங்குலப் படத்துக்கு 3600-க்கு 4800. துணிக்கு 150 இருந்தாலும் ஒப்பேறும். ஏனென்றால் புத்தகத்தை ஓரடி தூரத்தில் பிடித்துப் படிக்கிறோம், பனியனை ஐந்தடிக்கு அப்பாலிருந்து பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளவாக்கு ஏறக்குறைய 1600-க்குச் சுருங்கிவிடும். மலைக் காட்சிக்கு அதை வைத்தே ஒரு பனியனைத் தேற்றலாம். டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காமலே வரும். மென்பொருளில் 72 என்று இருக்கும் இடத்தில் 300 என்று மாற்றி எழுதினால் விவரம் கூடிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்தால் வீட்டில் ஆள் கூடிவிடுமா?

இந்தக் கணக்கையெல்லாம் நான் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மாலை ஐந்தாறு பையன்கள் வந்தார்கள். மூணாறு தோட்டங்களில் கால்பந்து ஒரு மதம். ஃபின்லே ஷீல்டு போட்டி என்றால் தோட்டத்துக்குத் தோட்டம் ரத்தம் சூடாகும். இவர்கள் அவ்வளவு பெரிய அணி இல்லை. ஒரு லயத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் அணி. அவர்களில் ஒருவன், கோல் கீப்பர், சில மாதங்களுக்கு முன்னால் சாலை விபத்தில் இறந்திருந்தான். அவன் பெயரில் ஒரு போட்டி நடத்துகிறார்கள். அணி முழுக்க அவன் முகம் போட்ட டி-ஷர்ட் வேண்டும். "நெஞ்சு முழுக்க வரணும்ண்ணே" என்றான் ஒருவன், இரண்டு கையையும் விரித்து.

படம் கேட்டேன். போனில் காட்டினார்கள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டுப்படம். பின்வரிசையில் இடமிருந்து நாலாவது அவன். இதைவிட்டால் அடையாள அட்டையில் இருக்கும் படம். அது இன்னும் மோசம். அவனுடைய போன் விபத்திலேயே நொறுங்கிவிட்டது. கணினியில் ஏற்றி அளந்து பார்த்தேன். முகத்தின் அகலம் 180 பிக்ஸல். நெஞ்சு முழுக்க, அதாவது 12 அங்குலத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 15. கண் இருக்கும் இடத்தில் நாலைந்து சாம்பல் கட்டங்கள் இருக்கும்.

பையன்கள் சளைக்கவில்லை. அடுத்த நாள் இன்னொரு படத்துடன் வந்தார்கள். செயற்கை நுண்ணறிவு செயலி ஒன்றில் போட்டு அந்த முகத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். துல்லியம் பிரமாதம். தோல் பளபளத்தது, புருவத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது, பல் வரிசை முத்து. கூடவே அவன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார்கள், சம்மதம் கேட்பதற்காக. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"யாருப்பா இது?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "அவனுக்கு முன்னாடி ஒரு பல்லு ஏறிக் கெடக்கும்ல."

அந்தச் செயலி ஏமாற்றவில்லை. அதன் வேலையே அதுதான். 180 புள்ளியில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்து எடுக்கும்? பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகிறது. பேனர் ஓவியரும் இல்லாததைப் போட்டார் என்று வாதிடலாம். எம்.ஜி.ஆர். முகத்தை ஆயிரம் முறை பார்த்த கை அது. இந்தப் பையனின் முகத்தை அந்த இயந்திரம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மலைக்கும் பூவுக்கும் நானும் இந்த வித்தையைப் பயன்படுத்துகிறேன், மறைக்கவில்லை. செத்துப்போன ஒருவரின் முகத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று.

பழைய ஸ்கிரீன் முறைதான் கைகொடுத்தது. ஸ்கிரீனில் புகைப்படத்தை அடிக்கும்போது அதைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைப்பார்கள். செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. பனியன் துணியில் அங்குலத்துக்கு 40 வரிசைப் புள்ளி என்பது தாராளம். துணி அதற்குமேல் தாங்காது. புள்ளி வரிசையைப் போல இரண்டு மடங்கு பிக்ஸல் இருந்தால் போதும் என்பது அச்சுத் தொழிலில் நெடுநாளாக உள்ள விதி. அப்படியானால் அங்குலத்துக்கு 80 போதும். 180-ஐ 80-ஆல் வகுத்தேன். இரண்டேகால் அங்குலம்.

அந்த முகம் பொய் சொல்லாமல் இருக்கக்கூடிய அதிகபட்ச அகலம் இரண்டேகால் அங்குலம். நெஞ்சு முழுக்க இடமிருந்தும், அவனுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். இரண்டேகால் அங்குலம் என்பது இடது மார்பில் அணியின் சின்னம் வழக்கமாக உட்காரும் இடத்துக்குள் அடங்கிவிடும். வட்டமாக வெட்டி, சுற்றிலும் மெல்லிய கோடு கொடுத்து, கீழே அவன் அணிந்த 1 என்ற எண். முதுகில் பெயர் பெரிதாக. எழுத்து என் கையால் வரைந்தது, எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம்.

பையன்களுக்கு ஏமாற்றம்தான். "இவ்ளோ சின்னதாவாண்ணே?" என்று நாலு முறை கேட்டார்கள். காகிதத்தில் நிஜ அளவில் அச்செடுத்து, அவர்களில் ஒருவனின் சட்டையில் ஊசியால் குத்தினேன். அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். தள்ளி நின்று பார்த்தவர் பக்கத்தில் வந்தார். அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார். "பல்லு இருக்கு" என்றார்.

முப்பது பனியன் என்பதால் ஸ்கிரீன் கட்டுப்படியாகாது என்று திருப்பூரில் முதலில் தயங்கினார்கள். ஒரே நிறம், ஒரே ஸ்கிரீன், தைத்த பனியனிலேயே அடித்துவிடலாம் என்று பேசி முடித்தேன். மாஸ்டர் பாசிட்டிவைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் போன் செய்தார். "அண்ணா, இடம் நெறைய இருக்குதுங்களே, கொஞ்சம் பெரிசு பண்ணிக்கலாங்களா?" வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் டேபிளில் ஸ்க்வீஜி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிங்கண்ணா, மெஷ்ஷு நல்லதா போட்டுத் தர்றேனுங்க" என்றார்.

காகிதத்தில் அச்செடுத்துக் குத்திப் பார்ப்பது என்று சொன்னேனல்லவா, இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் கேட்டால் நான் கொடுக்கும் ஒரே யோசனை அதுதான். அடிமாலியிலோ மூணாறிலோ ஜெராக்ஸ் கடையில் ஏ3 காகிதம் கிடைக்கும். அதன் அகலம் 11.7 அங்குலம், உயரம் 16.5. டி-ஷர்ட் அச்சின் வழக்கமான எல்லைக்கு ஏறக்குறைய அதுவே சரி. படத்தை நூற்றுக்கு நூறு அளவில், 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நீக்கிவிட்டு, அச்செடுத்து வெட்டி, வீட்டில் இருக்கும் பனியனில் வைத்து, யாரையாவது போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டால் போதும். திரையில் பார்த்தபோது தெரியாத நாலு விஷயம் உடனே தெரியும். படத்தைச் சுற்றி நாம் அறியாமல் விட்டிருக்கும் வெற்றிடமும் அகப்படும். இயந்திரம் அதையும் படமாகவே எண்ணி அளந்து, உள்ளே இருக்கும் ஆட்டைச் சுருக்கிவிடும். ஆட்டின் கொம்பு பின்னால் வளைவதால், பெட்டிக் கணக்கில் நடுவில் இருந்தாலும் கண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுங்கித் தெரியும். அரை அங்குலம் நகர்த்தினால்தான் அது நேராக நிற்கும்.

புதுப் பனியன் முதல் சலவையில் சற்றுச் சுருங்கும், அச்சு அந்த அளவுக்குச் சுருங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய கெட்டியான கட்டங்களாக மை போட்டால் துவைத்த பிறகு அந்த இடம் அப்பளம்போல் புடைத்து நிற்கும். நடுநடுவே துணி தெரியும்படி வரைந்தால் அந்தப் பிரச்சினை குறையும். போட்டுக்கொள்பவருக்குக் காற்றும் வரும்.

மூணாறுக் கடைக்காரர் 2030-க்கு இப்போதே படம் கேட்கிறார். வரைந்து வைத்திருக்கிறேன். 4500-க்கு 5400 பிக்ஸல், 15 அங்குலம் வரை தாங்கும். பெரியவர்களுக்கு 12, பெண்களுக்கு 10, குழந்தைகளுக்கு 7 என்று தனித்தனிக் கோப்பு. ஆண்டு போடவில்லை. ஆண்டு எங்கே என்று கேட்டார். பூத்த பிறகு எழுதிக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன் என்றேன்: பூவுக்குக் கீழே, நாலு அங்குல அகலம்.